முகம் சுளிக்க வைக்கும் கலையின் முன் எப்படி நிற்பது

மலம், சிறுநீர், ரத்தம், வாந்தி, உதிர்ந்த முடி, அழுகும் இறைச்சி. சமகாலக் கலைக்கூடங்களுக்குள் இவை நுழைந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. பார்வையாளர்களைக் குழுவாக அழைத்துச் சென்று படைப்புகளை விளக்குவது என் தொழில். இந்த மாதிரிப் படைப்பு இருக்கும் அறை வந்ததும் குழு தானாக இரண்டாகப் பிரிந்துவிடும். ஒரு பாதி "இதெல்லாம் ஒரு கலையா?" என்று வாசலிலேயே நின்றுகொள்ளும். மறுபாதி உள்ளே வந்து, ஒன்றுமே உறைக்காததுபோல் முகத்தை வைத்துக்கொண்டு நிதானமாகத் தலையாட்டும். வாசலில் நிற்பவர்களோடு என்னால் பேச முடிகிறது. தலையாட்டுகிறவர்களிடம்தான் என் பாடு திண்டாட்டம். மூக்கைப் பொத்த வேண்டிய இடத்தில் பொத்தாதவருக்கு அந்தப் படைப்பில் பார்ப்பதற்கு மிச்சம் இருப்பது மிகக் குறைவு.

ஆகவே முதலில் முகம் சுளியுங்கள். உங்களை ரசனை இல்லாதவர் என்று யாராவது நினைத்தால் அது அவர்கள் பாடு. சுளித்த கையோடு ஒன்றைக் கவனியுங்கள்: அந்த உணர்வு உடம்பில் எங்கே தொடங்கியது? தொண்டையிலா, வயிற்றிலா, மூக்கிலா, விரல்நுனியிலா? கால் தன்னிச்சையாக ஓர் எட்டு பின்வாங்கியதா? பின்வாங்கிய பிறகும் கண் அங்கேயே போய் ஒட்டிக்கொண்டதா? இந்தக் கலையின் கவர்ச்சி முழுவதும் இந்த இழுபறியில்தான் இருக்கிறது. கால் ஒரு திசையிலும் கண் எதிர்த்திசையிலும் இழுக்கும் அந்தச் சில நொடிகளை அவசரப்பட்டுக் கடந்துவிடாதீர்கள். "இதற்கு என்ன அர்த்தம்?" என்று என்னிடம் உடனே திரும்புகிறவர்கள் பெரும்பாலும் தப்பிப்பதற்குத்தான் அந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள்.

போவதற்கு முன் ஒரு பயிற்சி

உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1955இல் முன்வைத்த எளிய பயிற்சி ஒன்று உண்டு. வாயில் ஊறும் எச்சிலை விழுங்குங்கள். ஒன்றும் தோன்றாது. இப்போது அதே எச்சிலைச் சுத்தமான டம்ளரில் துப்பி, உடனே எடுத்துக் குடிப்பதாக நினைத்துப் பாருங்கள். துப்பக்கூட வேண்டாம், நினைப்பே குமட்டும். எச்சில் கெட்டுப்போகவில்லை, டம்ளரும் சுத்தம். உதட்டைத் தாண்டியது ஒன்றுதான் நடந்தது.

1980இல் பிரெஞ்சில் வெளியான ஒரு நூலில் சிந்தனையாளர் ஜூலியா கிறிஸ்தேவா இதைப் பெரிய சிந்தனையாக விரித்தார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் பாலாடை. பாலின் மேல் படரும் அந்த மெல்லிய தோல் உதட்டில் பட்டதும் வரும் குமட்டலிலிருந்து தொடங்கி, பிணம் வரை போகிறார். 'நான்' என்பதற்கும் 'நான் அல்லாதது' என்பதற்கும் நடுவே ஒரு கோடு கிழித்துத்தான் ஒவ்வொருவரும் ஆளாகிறோம். எச்சிலும் மலமும் ரத்தமும் பிணமும் அந்தக் கோட்டின்மேல் உட்கார்ந்துகொண்டு, எந்தப் பக்கமும் சேராமல் தொல்லை தருகின்றன. அதனால் அவற்றைத் தள்ளுகிறோம். தள்ளியது முழுக்கப் போய்த் தொலையாமல் நம்மையே இழுத்துக்கொண்டிருக்கிறது. அழுக்கு என்பது தன் இடத்தில் இல்லாத பொருள் என்ற கருத்தை மானிடவியலாளர் மேரி டக்ளஸ் 1966இலேயே விளக்கியிருந்தார். நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் 1993இல் 'அப்ஜெக்ட் ஆர்ட்' (abject art, அருவருத்துத் தள்ளப்பட்டவற்றின் கலை) என்றே தலைப்பிட்டு ஒரு கண்காட்சி நடத்தியது. அதோடு இந்த வகைக் கலைக்கு அந்தப் பெயரும் நிலைத்தது. கோட்பாடு இவ்வளவு போதும். இதற்குமேல் படித்துவிட்டு வருகிறவர்கள் படைப்பைப் பார்க்காமல் கிறிஸ்தேவாவைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

கையோடு கொண்டுபோக வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இங்கே எது எந்தக் கோட்டைத் தாண்டியிருக்கிறது? உள்ளே இருக்க வேண்டியது வெளியே வந்திருக்கலாம். உயிருள்ளதா இல்லையா என்று தெரியாத ஒன்று எதிரே இருக்கலாம். தலையில் இருந்தவரை தடவிக்கொடுத்த முடி, உதிர்ந்தபின் மதிப்பிழந்துபோகிறது என்பது நாம் பள்ளிக்கூடத்திலேயே படித்த பாடம். இந்தியக் கலைஞர் ஷீலா கௌடா 2009இல் வெனிஸ் பினாலே என்ற பன்னாட்டுக் கலைக் கண்காட்சிக்காகச் செய்த படைப்பில் அதே மனித முடியைக் கிலோமீட்டர் கணக்கில் கயிறாகத் திரித்து, கார்களின் பம்பர்களை அதில் தொங்கவிட்டார். எஃகின் பாரத்தைத் தாங்கி நிற்பது உதிர்ந்த முடி. அருகில் போகத் தயக்கமாக இருக்கும். ஆனால் இங்கே வலுவான பொருள் எது என்ற கேள்விக்குப் பதில் தலைகீழாகிவிடும்.

விவர அட்டையை எப்போது படிப்பது

இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிப் பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். அருவருப்பு இரண்டு வழியாக வரும். ஒன்று கண்ணும் மூக்கும் நேராகக் கொண்டுவருவது. மற்றது, ஒரு செய்தி தெரிந்தபின் வருவது.

டேமியன் ஹர்ஸ்ட் 1990இல் செய்த 'ஆயிரம் ஆண்டுகள்' முதல் வகை. இரண்டு அறைகளாகத் தடுத்த பெரிய கண்ணாடிப் பெட்டி. ஒன்றில் புழுக்கள் ஈயாகும் வெள்ளைப் பெட்டி, மற்றதில் வெட்டிய மாட்டுத்தலை, அதற்குமேல் பூச்சிகளைக் கொல்லும் மின்விளக்கு. தடுப்பில் உள்ள துளைகள் வழியே ஈக்கள் இந்தப் பக்கம் வருகின்றன, தின்கின்றன, முட்டையிடுகின்றன, விளக்கில் பட்டுச் சாகின்றன. இதற்கு விவர அட்டையே வேண்டாம்.

பியரோ மன்சோனி 1961 மே மாதத்தில் தயாரித்த 90 தகரக் குப்பிகள் இரண்டாம் வகை. ஒவ்வொன்றிலும் கலைஞனின் மலம் 30 கிராம் என்று நான்கு மொழிகளில் அச்சிட்ட தாள் சுற்றியிருக்கும். அதே எடைத் தங்கத்தின் அன்றைய விலையே குப்பியின் விலை என்று வைத்தார். பார்ப்பதற்கு மற்ற டின்களைப் போலத்தான் இருக்கும், நாற்றம் கிடையாது. உள்ளே அதுதான் இருக்கிறதா என்று அறிய வேண்டுமானால் திறக்க வேண்டும், திறந்தால் படைப்பு போய்விடும். நம்மைச் சுளிக்க வைப்பது தாளில் உள்ள எழுத்து மட்டும்தான். எழுத்துக்கு இவ்வளவு நாற்றம் உண்டா என்று அந்தக் குப்பிமுன் நின்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

ஆண்ட்ரேஸ் செரானோ 1987இல் எடுத்த சிலுவைப் புகைப்படமும் இந்த வகையே. செம்மஞ்சள் ஒளியில் சிலுவை மிதக்கிறது, சுற்றிலும் நுண்ணிய குமிழ்கள். தலைப்பைப் பார்க்காதவர் வழிபாட்டுப் படம் என்றே நினைப்பார். கலைஞரின் சிறுநீருக்குள் வைத்த பிளாஸ்டிக் சிலுவை அது என்று தெரிந்தபின் அதே ஒளி வேறாகிவிடுகிறது. 1989இல் அமெரிக்க செனட்டில் அதைக் கண்டித்துப் பேசினார்கள். 2011இல் பிரான்ஸின் அவிஞோன் நகரில் அதன் அச்சுப் பிரதியைத் தாக்கிச் சேதப்படுத்தினார்கள். கண்டித்தவர்களின் கோபத்தை நான் கேலி செய்யமாட்டேன், படம் அவர்களிடம் ஏதோ செய்திருக்கிறது. ஆனால் தலைப்பைக் கேட்டுவிட்டுப் படத்தைப் பார்க்காமலே கொதித்தவர்களுக்கும், தலைப்பைக் கேட்டுவிட்டுப் படத்தைப் பார்க்காமலே கைதட்டியவர்களுக்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை.

எனவே வழக்கமான முறை இது: முதலில் பாருங்கள். பிறகு அட்டையைப் படியுங்கள். மறுபடியும் வந்து பாருங்கள். மூன்றாவது செயலை யாரும் செய்வதில்லை. அட்டையைப் படித்ததும் விடை கிடைத்துவிட்ட திருப்தியோடு அடுத்த அறைக்குப் போய்விடுகிறார்கள். திரும்பிப் பார்க்கும்போதுதான் அழகும் அருவருப்பும் ஒரே பொருளில் ஒன்றையொன்று விலக்க முடியாமல் நிற்பது கண்ணில் படும்.

இந்த முறைக்கு ஒரு விலக்கு உண்டு. படைப்பு உங்கள் தோலைத் தொடுமானால் அட்டையை முதலில் படித்துவிடுங்கள். மெக்சிகோவைச் சேர்ந்த தெரேசா மார்கோயஸின் 2003ஆம் ஆண்டுப் படைப்பில் மேலிருந்து சோப்புக் குமிழ்கள் மிதந்து இறங்கும். யாருக்கும் கையை நீட்டத் தோன்றும், குழந்தைகள் துள்ளி ஓடிப் பிடிப்பார்கள். குமிழ்களுக்கான தண்ணீர், பிணவறையில் சடலங்களைக் கழுவப் பயன்பட்டது. தெரியாமல் கையில் பட்டு உடைந்தபின் அறிந்துகொள்ளும் அதிர்ச்சியே படைப்பு என்று வாதிடுகிறவர்கள் உண்டு. அதிர்ச்சி மெய்தான். ஆனாலும் என் குழுவினரை நான் தெரியாமல் உள்ளே அனுப்பமாட்டேன். தெரிந்துகொண்டு கையை நீட்டுகிறவருக்குக் கிடைப்பது அதைவிடக் கனமானது என்பது என் அனுபவம்.

கிட்டே போய்ப் பார்ப்பது

ராபர்ட் கோபர் 1989-90இல் செய்த மெழுகுக் காலை எடுத்துக்கொள்வோம். கலைக்கூடத்தின் வெறும் சுவர். அதன் அடியில், தரையை ஒட்டி, ஓர் ஆணின் ஒற்றைக்கால் நீட்டிக்கொண்டிருக்கிறது. பேன்ட், காலுறை, தோல் ஷூ. அவ்வளவுதான். நின்றுகொண்டு பார்த்தால் வேடிக்கைப் பொருள்போல் தெரியும், சிலர் சிரிப்பார்கள். நீங்கள் குத்துக்காலிட்டு உட்காருங்கள். பேன்ட்டின் ஓரம் சற்று மேலேறி, காலுறைக்கும் அதற்கும் நடுவே ஒரு பட்டை அளவுக்குத் தோல் தெரிகிறது. தேன்மெழுகு. வெளிறிய நிறம், வெயில் படாத கணுக்கால்களுக்கே உரிய நிறம். அதில் உண்மையான மனித முடி, ஒவ்வொன்றாக நட்டது. முடிகள் ஒரே திசையில் சாயவில்லை, காலுறை அழுத்தும் இடத்தில் நம் கால்முடி எப்படிக் கலைந்திருக்குமோ அப்படிக் கலைந்திருக்கின்றன. இந்த இடத்தில்தான் விரல்நுனி கூசத் தொடங்கும். பிறகு கால் சுவரோடு சேரும் இடத்தைப் பாருங்கள். ரத்தம் இல்லை, வெட்டு இல்லை, இடைவெளிகூட இல்லை. மனிதர் எங்கே முடிகிறார், சுவர் எங்கே தொடங்குகிறது? விமானத்தில் பக்கத்தில் அமர்ந்திருந்த ஒருவரின் பேன்ட்டுக்கும் காலுறைக்கும் நடுவே தெரிந்த தோல்தான் இதற்குத் தூண்டுதல் என்று கோபர் சொல்லியிருக்கிறார். அருவருப்புக்கு மலமும் ரத்தமும் கட்டாயம் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் பார்த்ததில்லை.

அந்த ஆண்டுகள் எய்ட்ஸ் அச்சம் உச்சத்தில் இருந்த காலம். ஒருவரின் ரத்தம், விந்து என்றாலே மற்றவர் ஒதுங்கிய காலம். கிகி ஸ்மித் 1987-90இல் செய்த 12 கண்ணாடி ஜாடிகளை அந்தப் பின்னணியில் பாருங்கள். ரசம் பூசிப் பளபளக்கும் பெரிய ஜாடிகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் மேலும் பழைய ஐரோப்பிய எழுத்துவடிவில் ஓர் உடல்நீரின் பெயர்: ரத்தம், கண்ணீர், சீழ், சிறுநீர், வாந்தி, பால்... உள்ளே எதுவும் இல்லை. இங்கே ஒரு விளையாட்டு வைத்துக்கொள்ளுங்கள். எதைக் குடிப்பதாக நினைத்தால் அதிகம் குமட்டுகிறது, எதற்குக் குறைவு என்று மனதுக்குள் வரிசைப்படுத்துங்கள். கண்ணீர் ஏறக்குறைய எல்லோருக்கும் கடைசியில் வரும். ஏன்? பால் எங்கே வருகிறது? நீங்கள் யாருடையதாக அதைக் கற்பனை செய்தீர்கள் என்பதைப் பொறுத்து இடம் மாறுகிறதா? வரிசைப்படுத்தி முடித்துத் தலை நிமிர்ந்தால் ஜாடியில் தெரிவது உங்கள் முகமாகத்தான் இருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்வது

வெறும் வயிற்றோடு போகாதீர்கள். ரத்தத்தைக் கண்டால் சிலருக்கு இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் சட்டென்று இறங்கி மயக்கம் வரும். இதில் கோழைத்தனம் எதுவும் இல்லை, உடம்பின் அனிச்சைச் செயல். கண் இருட்டுகிற மாதிரி இருந்தால் தொடை, வயிறு, கைத் தசைகளை இறுக்கிப் பிடித்து, பிறகு தளர்த்துங்கள், மீண்டும் இறுக்குங்கள். அழுத்தம் ஏறும். அதற்கும் அடங்காவிட்டால் தரையில் உட்கார்ந்துவிடுங்கள், கலைக்கூடத்துத் தரையில் உட்காருவது ஒன்றும் குற்றமில்லை. மோனா ஹாட்டூம் 1994இல் செய்த வீடியோ படைப்பு போன்றவற்றில் இந்த எச்சரிக்கை உதவும். உருளை வடிவக் கூண்டுக்குள் நுழைந்தால், தரையில் வட்டமாக ஒரு படம் ஓடும். மருத்துவர்கள் உள்ளுறுப்புகளைப் பார்க்கும் கேமரா ஹாட்டூமுடைய தோல்மேல் ஊர்ந்து, உடல்துளைகள் வழியே உள்ளே இறங்குகிறது. கூடவே இதயத் துடிப்பும் மூச்சும். படத்தை மிதிக்காமல் இருக்க வேண்டுமானால் சுவரை ஒட்டித்தான் நிற்க வேண்டியிருக்கும். முதுகைச் சுவரில் சாய்த்துக்கொள்ளுங்கள், கண்ணை எடுக்க வேண்டுமென்றால் வட்டத்தின் ஓரத்துக்குக் கொண்டுபோங்கள்.

செல்போனைப் பைக்குள் போடுங்கள். படம் எடுக்கும் நொடியிலேயே நாற்றமும் அளவும் போய்விடும், கையில் இருப்பது தணிந்த ஒரு செவ்வகம். குழந்தைகளை அழைத்துச் செல்லலாமா என்று கேட்கிறார்கள். பிணமும் வன்முறையும் சம்பந்தப்பட்டவற்றுக்கு வேண்டாம். மற்றபடி மலஜலம் பற்றிய படைப்புகளின் முன்னால் என் குழுவிலேயே தெளிவாகப் பேசுகிறவர்கள் குழந்தைகள்தான்.

கெட்டுப்போகும் பொருளால் ஆனவை என்றால், கண்காட்சி தொடங்கி எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஜானா ஸ்டெர்பாக் 1987இல் பச்சை மாட்டிறைச்சித் துண்டுகளைத் தைத்து ஒரு பெண் உடையாக்கினார். முதல் நாள் ஈரச் சிவப்பு. நாளாக ஆக இறைச்சி காய்ந்து சுருங்கி, தோல்போல் விறைத்து, கருத்துவிடும். முதல் நாள் பார்த்தவரும் கடைசி நாள் பார்த்தவரும் பேசிக்கொண்டால் ஒரே படைப்பைப் பார்த்தோமா என்றே சந்தேகம் வரும். முடிந்தால் இரண்டு முறை போங்கள்.

அதிர்ச்சி தீர்ந்த பிறகு என்ன மிச்சம்

அருவருப்பூட்டுவது எளிது. 1986இல் உளவியலாளர் பால் ரோசின் குழுவினர் செய்த ஆய்வில், நாயின் மலத்தைப் போல் வடிவமைத்த இனிப்பை, இனிப்புதான் என்று தெரிந்தும் தின்னப் பலர் தயங்கினார்கள். அமெரிக்கக் கலைஞர் பால் மெக்கார்த்தி தன் நிகழ்த்துகலைகளில் பெரும்பாலும் கெச்சப்பும் சாக்லேட்டும் கொண்டே வேலையை முடித்துவிடுகிறார். எனவே "சுளிக்க வைத்துவிட்டார்" என்பதற்காக யாரையும் மெச்ச வேண்டியதில்லை. நான் வைத்துப் பார்க்கும் சோதனை, பொருளை மனதுக்குள் மாற்றிப் பார்ப்பது. மார்க் குவின் 1991இல் தன் தலையை அச்செடுத்து, தன் உடம்பிலிருந்து மாதக்கணக்கில் எடுத்துச் சேர்த்த சுமார் நாலரை லிட்டர் ரத்தத்தை அதில் ஊற்றி உறையவைத்தார். ரத்தத்துக்குப் பதில் சிவப்பு மெழுகு என்று வைத்துப் பாருங்கள். ஒரு சாதாரணத் தலைச்சிலை மிஞ்சும். ஓர் உடம்பில் ஓடும் அளவு ரத்தம், குளிர்பெட்டியின் மின்சாரம் நின்றால் உருகிவிடும் உருவம், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை முதுமை ஏறிய முகத்தோடு புதிதாகச் செய்ய வேண்டிய கட்டாயம், எல்லாம் போய்விடும். ஆக அங்கே ரத்தத்துக்கு வேலை இருக்கிறது. மாற்றினாலும் எதுவும் குறையவில்லை என்றால், அந்த ரத்தம் கவனத்தை ஈர்க்க அடித்த மணி. அப்படிப்பட்ட படைப்புகளுக்கு உள்ள கையேடுகளில்தான் 'எல்லைகளைக் கேள்விக்குட்படுத்துகிறது' என்ற வரி தவறாமல் இருக்கும். அந்த வரி இருந்தாலே நான் கொஞ்சம் உஷாராகிவிடுவேன்.

இன்னொரு கேள்வி, யாருடைய அழுக்கு, இதுவரை அதைத் துடைத்தவர் யார் என்பது. 1976இல் மேரி கெல்லி, லண்டனில் தன் குழந்தையின் இடுப்புத்துணிக்குள் வைத்த, மலக்கறை படிந்த துணிப்பட்டைகளைச் சட்டமிட்டு, குழந்தை என்ன சாப்பிட்டது என்ற குறிப்போடு சுவரில் மாட்டினார். பத்திரிகைகள் கொதித்தன. உலகத்தில் பாதிப் பேர் தினமும் கையால் தொடும் ஒன்று சுவரில் ஏறியதும் மற்ற பாதிக்கு அதிர்ச்சி. அந்த அதிர்ச்சி யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்பதே படைப்பின் சேதி.

இதே கேள்வி சில சமயம் கலைஞர் பக்கமும் திரும்பும். மார்கோயஸ் 2000இல் காட்சிக்கு வைத்தது கொல்லப்பட்ட ஓர் இளைஞனின் நாக்கு. அடக்கச் செலவுக்கு வழியில்லாத குடும்பத்துக்கு அந்தச் செலவைக் கொடுத்துப் பெற்றது. மெக்சிகோவில் ஏழையின் மரணம் எப்படிக் கணக்கில் வராமல் போகிறது என்பதை அது காட்டுகிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குடும்பத்தால் 'வேண்டாம்' என்று சொல்லியிருக்க முடியுமா? எனக்கு அந்தப் படைப்பு பிடிக்கவில்லை. முக்கியமான படைப்பு என்றும் நினைக்கிறேன். இரண்டையும் சேர்த்துச் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை. பிடித்தது, பிடிக்கவில்லை என்பதோடு முடித்துக்கொள்ளும் பழக்கம் இந்த வகைக் கலையிடம் செல்லாது.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இது. முதலில் கோபரின் கால், அல்லது அதுபோல் நாற்றமும் ரத்தமும் இல்லாத ஒன்று. அடுத்து கிகி ஸ்மித்தின் ஜாடிகள், மன்சோனியின் குப்பி. பிறகு செரானோவின் படத்தைத் தாளிலோ திரையிலோ பார்ப்பதைவிட நேரில், அதன் முழு அளவில். ஹர்ஸ்டின் ஈக்கள் அதற்குப் பிறகு. மார்கோயஸைக் கடைசியாக வையுங்கள், அன்றைக்கு வேறெதையும் பார்க்காதீர்கள். கூட ஒருவரை அழைத்துப் போவது நல்லது, எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவரைத் தவிர்த்து.